சோத்தாங்கை

முசரவாக்கத்தில் கங்கையம்மாள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படமாக இருக்கிறான் அவள் கணவன் சின்னப்பையன். படத்தின் கீழே, கர்நாடகத்துக் காட்டில் துளைபோட்டு அவன் எடுத்துவந்த கரும்பச்சைப் பாறை உருளை, வெள்ளைக்கல் ரேகையோடு, குங்குமம் தாங்கி நிற்கிறது. மதிய வெயில் அந்த ரேகையைத் தொட்டதும், எதிரே உட்கார்ந்திருக்கும் பாறை ஆய்வாளர் ஷாரோன் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள். அதே துளையில் வந்த மற்றக் கல்லை உடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்போது கையில் பொன் இருக்கக்கூடாது. உரசினால் முடிவே பொய்யாகிவிடும். தெரிந்தும், கல்யாணமான புதிதில், மோதிரத்தைக் கழற்ற மனம் வராமல் உடைத்தவள் அவள். தங்கம் உண்டென்று முடிவு வந்தது. அதை நம்பிப் பக்கத்திலேயே இரண்டாவது துளை போட்டபோதுதான் குழாய் சரிந்து சின்னப்பையன் செத்தான். அந்தத் துளையில் குந்துமணித் தங்கம்கூட இல்லை.

“அவுரு உசுரு உட்ட எடத்துல தங்கம் இருக்குதுன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க. நெசந்தானேமா?” என்கிறாள் கங்கையம்மாள்.

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றுபோகிறது. ஷாரோனின் வலக்கை துப்பட்டாவுக்குள் ஒளிகிறது. கங்கையம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிறாள். ஷாரோனின் இடக்கை முன்னால் வருகிறது.

“சோத்தாங்கையால வாங்குமா.”

துப்பட்டா விலகுகிறது. மோதிரம் சொம்பில் பட்டு ணங்கென்கிறது.