இடது குழல்

ஜோசையா துப்பாக்கியைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்தான்.

அவன் சொந்தமாகச் செய்த முதல் இரட்டைக் குழல் துப்பாக்கி. பட்டறைக் கொல்லையில் மணல்மேட்டைப் பார்த்து நின்றான். பக்கத்திலேயே அவன் மனைவி கெசையா, ஏழு மாத வயிற்றோடு, பீர்க் குவளையும் கையுமாக.

அவள் தம்பி ஏமஸ் மட்டும் இரண்டடி தள்ளி நின்றான்.

ஏமஸ் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவன். விரல் போன, கண் போன ஆட்களைப் பார்த்துச் சலித்துப்போய், ஹாமர்வெல் ஊர்த் துப்பாக்கிக் கொல்லர்களே எழுப்பிய கட்டடம் அது. மூன்று முழச் சுவர், இரும்புத் தகடு அடித்த அறைகள். இரட்டிப்பு வெடிமருந்து போட்டு வெடித்து, தாங்கினால்தான் குழலில் முத்திரை விழும். முத்திரை இருந்தால் ஹாமர்வெல்காரன் கண்ணை மூடிக்கொண்டு சுடுவான்.

ஜோசையாவின் இந்தத் துப்பாக்கிக்கு முத்திரை அடித்தது ஏமஸ்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் சுவருக்குப் பின்னாலிருந்து விசையில் கட்டிய கயிற்றை இழுத்த அதே நொடியில் அடுத்த அறையிலும் வெடித்தது. அந்தச் சத்தத்தைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டான். முத்திரை அடித்துவிட்டுத் துடைக்கும்போதுதான் தெரிந்தது, உள்ளே மருந்து எரியாமல் கிடந்தது. பொய் முத்திரைக்குச் சிறை. மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டான். பயந்தாங்கொள்ளி.

இப்போதும் சொல்லலாம். சொன்னால் வேலையும் போகும், அவனும் உள்ளே போவான்.

"என்ன மாப்ளே, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? உன் முத்திரை மேல உனக்கே நம்பிக்க இல்லையா?" என்று கேட்டபடியே ஜோசையா விசையை இழுத்தான்.

வெடித்தது.

புகை விலகியது. ஜோசையா முழுசாக நின்று சிரித்தான். கெசையா "ஆண்டவரே" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

ஏமஸ் சிரிக்கவில்லை.

"வலது ஆச்சு. இனி இடது," என்று ஜோசையா மறுபடி கன்னத்தைச் சாய்த்தான்.

"மாமா, அத எங்கிட்ட குடு, நான் சுடறேன். நீ அக்காவ உள்ள கூட்டிட்டுப் போ. இந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது."

"பாருடி உன் தம்பிய! பத்து வருஷமா சுவருக்குப் பின்னால ஒளிஞ்சு கயிறு இழுத்தவனுக்கு இன்னிக்கு வீரம் வந்துருச்சு!"

சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

இருவரும் உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை ஏமஸ் காத்திருந்தான். பிறகு கன்னத்தைக் கட்டையில் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை வலது குழல் ஒழுங்காகத்தான் வெடித்தது. மருந்து எரியாமல் கிடந்தது இதில்.