மூணு தரம்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஏலம் பாதியில் நிற்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் பிச்சிப்பூக் குவியலின் மேல் வட்டமாய்க் கிடக்கிறது. ஏலக்காரர் பெத்துராஜ் தராசில் சாய்த்து வைத்திருக்கும் செல்போனில் நேரலை ஓடுகிறது; நம் நாடும் அண்டை நாடுகள் நான்குமாக, ஐந்து நாடுகளின் எம்.பி.க்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பூமி இப்படிச் சூடேறிக் கிடக்கையில், உச்சிவெயிலில் யாரையும் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று ஐந்து நாடாளுமன்றங்களிலும் ஒரே சட்டம் கொண்டுவர இந்த ஐந்து நாட்டாரும் சம்மதிக்க வேண்டும். போன சித்திரையில் பூ பறிக்கும்போது மயங்கி விழுந்த பேச்சித்தாய், நெற்றியில் அப்போது பட்ட தழும்போடு, பூ வாடாமல் மூடும் ஈரச்சாக்கை இறுகப் பிடித்தபடி பார்க்கிறாள். முதல் நாட்டு வரிசையில் கைகள் உயர்கின்றன. "கேட்டாச்சுவே! ஒரு தரம்!" என்று பெத்துராஜ் தன் ஏலக் குரலில் கூவுகிறார். "அண்ணாச்சி, அவுக பூவா கேக்காவ?" என்று சிரிக்கிறாள் பூக்கட்டும் சுகிர்தா. "ஏட்டி, கை தூக்குனா எனக்கு ஏலந்தான்." அடுத்தடுத்து மூன்று நாடுகள் கை தூக்குகின்றன. "ரெண்டு தரம்!" கடைசி நாட்டு வரிசை அசையவில்லை. சிரிப்பு அடங்குகிறது. பேச்சித்தாயின் பிடியில் பிழிபட்ட சாக்கிலிருந்து நீர் சொட்டுவது கேட்கிறது. அந்த வரிசையில் ஓர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மாட்டிக்கொள்கிறார், மெல்லக் கை தூக்குகிறார். அவர் பின்னால் வரிசை முழுக்கக் கைகள் எழும்புகின்றன. பெத்துராஜ் வாயைத் திறப்பதற்குள், இத்தனை வருஷமாய் ஏலத்தில் ஒரு சொல் பேசாத பேச்சித்தாய், சாக்கை உதறிக் கையைத் தூக்கி, தகரக் கூரை அதிரக் கத்துகிறாள்: "மூணு தரம்!"