மொட்டைக்குக் கிடைத்த பட்டியல்

ஓர் அலுவலகத்தின் காப்பு நகல்களை வைத்திருக்கும் சர்வருக்குள் இரண்டு டிஸ்க்குகள் குடியிருந்தன. ஒன்று, வருகிற ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், தேதி, இடம் எல்லாம் எழுதிக்கொண்டுதான் உள்ளே விடும். அதற்குப் பட்டியலார் என்று பெயர். மற்றதற்கு அந்த வழக்கமே கிடையாது. சர்வர் கொட்டுவதை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதன் பெயர் மொட்டை.

மொட்டைக்குத் தன் வேகத்தில் ஏகப் பெருமை. "நீங்க பேர் எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு மாசத்து நகலை முழுங்கிடுறேன், பட்டியலாரே" என்றது.

"எது எங்கே இருக்குன்னு யாராவது கேட்டா?"

"நம்ம சர்வர் ஐயாவுக்கு அத்தனையும் மனப்பாடம். அவர் இருக்கும்போது எனக்கு எதுக்கு எழுத்து வேலை?"

ஒரு மத்தியானம் சர்வர் ஐயா லேசாகப் புகைந்து, மண்டையைப் போட்டார். டிஸ்க்குகள் இரண்டையும் கழற்றிப் புது சர்வரில் மாட்டினார்கள். அது பட்டியலாரைப் புரட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்றது. மொட்டையிடம் வந்ததும் புது சர்வரின் முகம் மலர்ந்தது.

"அட, புத்தம் புதுசு. உள்ளே ஒண்ணுமே இல்லையே."

"கழுத்து வரைக்கும் சரக்கு இருக்கு தம்பி. மூணு வருஷத்து நகல்."

"பட்டியல் எங்கே?"

"அது ஐயாவுக்குத்தான் தெரியும்."

புது சர்வர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மொட்டையைச் சுத்தமாகத் துடைத்து, முறைப்படி ஒரு பட்டியலும் போட்டுக் கொடுத்தது. மொட்டை அதைத் திறந்து பார்த்தது. கோடெல்லாம் நேராகப் போட்ட, அழகான பட்டியல். அதில் ஒரு பெயர்கூட இல்லை.