எடுத்தாச்சு

விண்வெளிப் படங்களையெல்லாம் நக்கலடிக்க ஜெபசீலன் எடுக்கும் படத்துக்கு மொத்த முதலீடு ஒரு பழைய பிரஷர் குக்கரும் மூன்று கிலோ களிமண்ணும்தான். குக்கரில் பறந்து வரும் பச்சைத் தளபதி பூமியைப் பிடிக்க வேண்டும். லேசர் துப்பாக்கியில் சார்ஜ் இல்லை. இறங்கிய ஊரில் கரண்ட்டும் இல்லை. இதை எழுதும்போது அவனும் மனைவி மெர்லினும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு நொடிப் படத்துக்குப் பன்னிரண்டு ஃபிரேம். ஒவ்வொன்றுக்கும் மெர்லின் களிமண் பொம்மையை இம்மியளவு நகர்த்துவாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் "கை?" என்பான். "எடுத்தாச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் பொத்தானை அமுக்குவான். அவள் இறந்த பிறகு கேள்வியும் அவனே, பதிலும் அவனே.

படத்தைத் தொகுக்கும் சிநேகிதன் இன்று போனில் கூப்பிட்டான்.

"குக்கர் இறங்குற சீன்ல, ஒரே ஒரு ஃபிரேம்ல கை மாட்டிருக்குடா. தூக்கிடவா?"

"இரு. பாத்துட்டுச் சொல்றேன்."

தளபதியின் முழங்கையைப் பிடித்தபடி, நகமெல்லாம் பச்சை மண் அப்பிய மெர்லினின் கை. என்றோ அவசரத்தில் கேட்காமலே அமுக்கியிருக்கிறான். ஓட்டினால் கண் இமைப்பதற்குள் போய்விடுகிறது. அதையே பன்னிரண்டு முறை ஒட்டி ஓட்டினான். ஒரு முழு நொடி இருந்துவிட்டுப் போயிற்று.

தளபதியை மேசையில் நிறுத்தினான். கை இருந்த பக்கமாக அதன் தலையைக் கொஞ்சம் திருப்பிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றான்.

"கை?" என்றான்.

விரல் பொத்தான்மேல் இருந்தது. இந்த முறை பதிலை அவன் சொல்லவில்லை.