ஒரே கட்டுத் துணி

தீபாவளிக்கு இன்னும் மூன்றே நாள். தலவாக்கலைக் கடைத்தெருவில் தூறல் விட்டபாடில்லை. துணிக்கடையின் ட்யூப்லைட்டை நம்பாத வினோதா, மஞ்சள் பூத்துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். பின்னால் கட்டு தடதடவென்று உருண்டு அவிழ்கிறது. பகல் வெளிச்சம் பட்டதும் மஞ்சள் பளிச்சென்று சிரிக்கிறது. அவளோடு வந்த, தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளின் பெண்கள் நால்வரும், கொழுந்துக் கறையேறிய விரல்களால் துணியைத் தேய்த்துப் பார்க்கிறார்கள். விற்கிற விலையில் தனித்தனியாக வாங்கினால் யாருக்கும் எட்டாது. “கட்டு முழுசா நாங்களே எடுத்துக்கிறோம், போன வருஷ வெலையப் போடுங்க நானா,” என்கிறாள் வினோதா. கடைக்கார முனாப் நானா தாடியைத் தடவி யோசித்துவிட்டுத் தலையாட்டுகிறார். “லயத்துப் புள்ளைக எல்லாத்துக்கும் ஒரே துணியா? காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துல வரிசையா நிக்கிற மாதிரி இருக்கும்மா,” என்று கூட வந்திருந்த வினோதாவின் மகள் ஜெயந்தினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். பெண்கள் சிரித்துவிடுகிறார்கள். வினோதா குனிந்து துணியை மகளின் தோளில் வைத்து அளக்கிறாள். கொழுந்துக் கூடை உரசி உரசி முதுகில் நூல் தெரியும் அம்மாவின் ரவிக்கையை ஜெயந்தினி பார்க்கிறாள். போன மூன்று தீபாவளிக்கும் அதே ரவிக்கைதான். “அம்மாவுக்கும் இதுலயே ஒரு ஜாக்கெட்டு தைக்கணும். அப்பதான் நான் போடுவேன்.” “எனக்கெதுக்குடி” என்று சொல்ல வாயெடுத்த வினோதா, துணியை மகள் தோளிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்று கேட்கிறாள்: “எடுப்பா இருக்கா?”