பத்தொன்பதாவது புத்தகம்

அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு எடுத்து மறுபடி படித்தாள். அதே செய்திதான் இருந்தது.

"அக்கா, இதை ஏப்ரல்லயே போட்டுட்டீங்களே. பத்தொன்பதாவது புத்தகமா. திரும்பப் படிச்சீங்களா?"

கேட்டவள் ஷர்மிளா. 'ஆண்டுக்கு ஐம்பது' குழுவை நடத்துகிறவள். அந்தக் குழுவில் காலை வணக்கம் கிடையாது, கோலம் கிடையாது. ஞாயிறு காலையில் ஒவ்வொருவரும் படித்து முடித்த புத்தகத்தின் பெயரைப் போட வேண்டும், அது எத்தனையாவது என்று சொல்ல வேண்டும், இரண்டு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இவள் இன்று நாற்பத்தொன்று என்று போட்டிருந்தாள்.

நேற்று சாயங்காலம் முடித்த நாவல். ஜனவரியில் வாங்கி அலமாரியில் கிடந்தது. ஒரு பக்கம்கூட முன்பு பார்த்த மாதிரி இல்லை. கடைசி அத்தியாயத்தில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

ஏப்ரலில் படித்திருந்தால் எப்படி அழ முடியும்?

அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரே ரசத்துக்கு இரண்டு முறை உப்பு. பிறகு தெருப் பெயர். கடைசியில் இவள் பெயர். ஆரம்பித்தபோது அம்மாவுக்கு அறுபத்து மூன்று.

இவளுக்கு வரும் தையில் அறுபத்து மூன்று.

தனக்குத் தானே பரீட்சை வைத்துப் பார்த்தாள். சிலிண்டர் வந்த தேதி? பதினான்கு. கரண்ட் பில் கட்டியாயிற்றா? ஆயிற்று. எதிர் வீட்டு மருமகள் பெயர்?

வரவில்லை.

அ, ஆ என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள்.

மிருணாளினி. வந்துவிட்டது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. முதல் வருடத்தில் அம்மாவுக்கும் கொஞ்சம் பொறுத்து வரத்தான் செய்தது.

கூடத்தில் தணிகாசலம் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்து வைத்திருந்தார். முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையில் இவள் கண்ட ஒரே புத்தகம் ரயில்வே கால அட்டவணைதான். அவரிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடுவார். அங்கே இதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

'மறந்துவிட்டேன்' என்று ஷர்மிளாவுக்குத் தட்டப் பார்த்தாள். முதல் எழுத்திலேயே விரல் நின்றுவிட்டது.

ஏப்ரலில் அப்படி என்னதான் எழுதித் தொலைத்தோம் என்று பார்க்க, குழுவில் மேலே மேலே போனாள். அக்டோபர். ஆகஸ்ட். ஜூன்.

இதோ. அவள் பெயரில், அவள் படத்தோடு.

"பத்தொன்பது. கதை பரவாயில்லை. 112ஆம் பக்கத்தில் கதாநாயகன் வண்டியை விட்டு இறங்குகிறான். டீ குடிக்கிறான். அந்தப் பெண்ணிடம் காதலைச் சொல்கிறான். அவள் யோசித்துப் பதில் சொன்ன பிறகு ஏறுகிறான். அது சின்ன ஸ்டேஷன். வண்டி நிற்பது இரண்டே நிமிடம். ஆசிரியர் விசாரித்திருக்கலாம்."

கீழே முப்பத்தொரு பேர் சிரித்திருந்தார்கள். இவள் எழுதிய எதற்கும் ஆறு பேருக்கு மேல் அசைந்ததில்லை.

இரண்டு முறை படித்தாள்.

மூன்றாவது முறை படிக்க முடியவில்லை. கண்ணீர் மறைத்தது.

ஏப்ரலில் அவளுக்குக் கண் ஆபரேஷன். ஒன்று முடிந்து பத்தே நாளில் இன்னொன்று. எழுத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு படுத்துக்கொண்டு, இந்த வருஷம் ஐம்பது அவ்வளவுதான் என்று நாளெல்லாம் புலம்பினாள். அவர் மணி பார்த்து மணி பார்த்துச் சொட்டு மருந்து விட்டார். போன் அவரிடம்தான் இருந்தது.

இன்னும் கீழே வந்தாள்.

"இருபது. இதில் ரயிலே இல்லை. இருந்தாலும் படிக்கலாம்."

"இருபத்தொன்று. கேட் மூடாமல் வண்டி போகிறது. கண்டிக்கத்தக்கது."

"இருபத்திரண்டு. முன்பதிவு இல்லாத பெட்டியைச் சரியாக எழுதியிருக்கிறார்."

ஷர்மிளா போட்ட மே மாதப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே இருபத்திரண்டு என்று பார்த்தது ஞாபகம் வந்தது. பரவாயில்லையே, பின்தங்கவில்லையே என்று சந்தோஷப்பட்டதோடு சரி. எப்படி என்று யார் கேட்டார்கள்.

அப்பாடா என்று இருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆறிப்போன காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நன்றாகவே இருந்தது.

"என்னங்க."

"ம்."

"அந்த நூத்திப் பன்னெண்டாம் பக்கம்..."

பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்காது" என்றார், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அவர் படித்த நான்கைக் கழித்தால் தனக்கு முப்பத்தேழுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. கழிக்கவில்லை. ஐம்பதுக்கு இன்னும் ஒன்பது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தாள். அட்டையில் தண்டவாளம் போட்டிருந்ததை அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போனில் மறுபடி செய்தி வந்தது. ஷர்மிளாதான்.

"அக்கா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தட்டினாள்.

"ஆமாம்மா. சுத்தமா மறந்தே போச்சு."