ஒருத்தராவது

"குட்டியைக் காணோம்னு தாய் ஆடு தேடாதாம்மா?"

சின்ன வயதில் ஸ்த்ராதிஸ் ஒரு நாள் இப்படிக் கேட்டான்.

"சாயங்காலத்துக்குள்ள மறந்துடும்டா" என்றாள் எவாந்தியா. கிரேக்கத் தீவில் கசாப்புக் கடைக்காரரின் மனைவி வேறென்ன சொல்வாள்?

இப்போது அவனுக்குப் பதினேழு வயது. கறியைக் குறைக்கச் சொல்லி, தன் வயதுப் பிள்ளைகளுக்காக வீடியோ போடுகிறான்.

அன்று ஈஸ்டர். முற்றத்தில் முழு ஆட்டுக்குட்டி கம்பியில் கோத்தபடி தணல்மேல் சுழன்றுகொண்டிருந்தது.

"வாங்க சாமியாரே!" என்று அப்பா மனூசோஸ் சிரித்தார். "தவக்காலம் முழுக்க ஊரே கறி தொடல. உன் வீடியோவைப் பாத்தா? கர்த்தருக்காகடா! உன் பேச்சைக் கேட்டு ஒருத்தராவது கறியை விட்டிருக்காங்களா, சொல்லு பாப்போம்?"

அவன் முகம் வாடிவிட்டது.

"யாருமில்லப்பா. நாளைக்கு எல்லா வீடியோவையும் அழிச்சிடறேன்."

சொல்லிவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போனான்.

எவாந்தியா மற்றவர்களுக்குப் பரிமாறினாள். வழக்கம்போல் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

தட்டிலிருந்த கறியை, ஒவ்வோர் ஈஸ்டருக்கும் செய்வதுபோல, பின்வாசலில் நின்ற நாய்க்கு வைத்தாள். பிறகு கைபேசியை எடுத்து, மகனுடைய கடைசி வீடியோவின் கீழே, பெயர் போடாமல் மெதுவாக எழுதினாள்.

"தாய் ஆடு தேடும் மகனே. அன்னிக்கு ராத்திரி முழுக்க அது வேலியோரம் கத்திட்டே இருந்துச்சு. மறந்துடும்னு உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். அன்னிலேருந்து நான் கறி தின்னதில்ல. உன் பேச்சைக் கேட்டு ஒருத்தி விட்டிருக்காடா."

அனுப்பிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ரொட்டியைப் பிட்டாள்.